சார்ஜர் எங்க?



எனக்கு முன்னாடி பேசினவங்க கறவை மாட்டுக் கடனைப் பத்தியும், முந்திரிக்கொட்டை உடைக்கிற குழுவோட அனுபவத்தைப் பத்தியும் பேசினாங்க. அதெல்லாம் பெரிய விஷயம். எனக்குக் குடுத்திருக்கிற தலைப்பு ரொம்பச் சின்னது. செல்போன் சார்ஜர், ஒயரு, சிம் எடுக்கிற ஊசி, மெமரி கார்டு, பவர் பேங்க், சின்ன ஸ்குரூ டிரைவர், டெஸ்டர். இதையெல்லாம் தொலைக்காம கணக்கா வச்சுக்கிறது எப்படி? எங்க குழுவுல ஒரு பெட்டி வச்சு ஒரு வருஷமா இதை நடத்திக்கிட்டு வர்றோம், அதைச் சொல்லுன்னாங்க. தலைப்பை வாசிச்சதுமே பின் வரிசையில சிரிப்புச் சத்தம் கேட்டுச்சு. சிரிங்க, பரவாயில்ல. இன்னைக்குக் காலையில "சார்ஜர் எங்க?"ன்னு ஒரு குரல் கேக்காம வீட்டை விட்டுக் கிளம்பினவங்க மட்டும் கை தூக்குங்க பாப்போம். மூணு கைதான் தெரியுது. அதுல ஒரு அக்கா, எங்க தெருவுல நேத்துல இருந்து கரண்டே இல்லங்கறாங்க.

நம்ம பக்கத்துல கண்டுபிடிக்க முடியாத சங்கதிக்கெல்லாம் சிதம்பர ரகசியம்னு சொல்லுவோம். சார்ஜர் இருக்கிற இடமும் பல வீட்டுல சிதம்பர ரகசியம்தான். ஆனா அதே சிதம்பரத்துல பொன்னம்பலத்துக் கூரையைப் பத்திப் பெரியவங்க என்ன சொல்றாங்க? மனுஷன் ஒரு நாளைக்கு விடுற மூச்சு 21,600, அதனால கூரையில 21,600 பொன் ஓடு. உடம்புல நாடி 72,000, அதனால ஓட்டுல அடிச்ச ஆணி 72,000. ஆணிக்குக்கூடக் கணக்குச் சொல்ற ஊருக்குப் பக்கத்துல இருந்துக்கிட்டு நம்மளால ஒரு ஒயருக்குக் கணக்கு வைக்க முடியலையேன்னு எங்க ஊக்குநர் அக்கா ஒரு தடவை கூட்டத்துல கேட்டாங்க. அன்னைக்கு யாரும் பதில் சொல்லல.

பதில் சொல்ல வச்சது ஒரு ஓடிஜி.

எங்க ஊர்ல வங்கி கிடையாது. பரங்கிப்பேட்டைக்கோ புதுச்சத்திரத்துக்கோ பஸ் ஏறணும். அதனால வங்கி முகவர் ஒருத்தங்க கைரேகை மிஷினோட ஊருக்கே வருவாங்க. முதியோர் உதவித்தொகையை ஆயாமாருங்க அவங்ககிட்டதான் விரல் வச்சு எடுக்கிறது. அந்த மிஷினோட ஒயரு நேரா போன்ல போகாது. நடுவுல ஒரு சின்னத் துண்டு மாட்டணும், அதுக்குப் பேருதான் ஓடிஜி. கட்டை விரல் நீளம்கூட இருக்காது. ஒரு நாள் மாரியம்மன் கோயில் திண்ணையில பதினாலு பேர் காலையிலேயே வந்து உக்காந்துட்டாங்க. முகவரும் வந்துட்டாங்க. போன் இருக்கு, சிக்னல் இருக்கு, மிஷின் இருக்கு, பணம் இருக்கு. ஓடிஜி இல்ல. பையைத் தரையில கொட்டித் தேடினாங்க, ஹேண்ட்பேக்கு உள்துணியைப் புரட்டிப் பாத்தாங்க, வண்டி டிக்கியைப் பாத்தாங்க. கடைசியில ஒரு பையன் வண்டி எடுத்துக்கிட்டு சிதம்பரம் வரைக்கும் போயி வாங்கிட்டு வரும்போது மணி ரெண்டரை. அதுக்குள்ள பாதிப் பேரு எழுந்து போயிட்டாங்க. அதுல ஒரு ஆயா சக்கரை மாத்திரை வாங்கப் பணம் எடுக்க வந்தவங்க. அவங்களுக்கு மாத்திரை வந்தது மறுநாள் சாயங்காலம். நூறு ரூபா பெறாத சாமான் அது.

அந்த முகவரைக் குத்தம் சொல்ல இதைச் சொல்லல. அவங்களும் நம்மள மாதிரி ஒரு குழுவுல இருக்கிற பொண்ணுதான், அன்னைக்குக் கண்ணுல தண்ணி வச்சுக்கிட்டு நின்னாங்க. அன்னைக்குச் சாயங்காலம் எங்க குழுக் கூட்டம். பேச்சு அங்கதான் போச்சு. ஒருத்தி, "அந்த மாதிரி எங்க வீட்லயே ஒண்ணு கிடக்குதே, பரண்லயோ டிவிக்குப் பின்னாலயோ"ன்னா. இன்னொருத்தி, "எங்க வீட்லயும்தான்"னா. எண்ணிப் பாத்தா பதிமூணு பேர் குழுவுல அஞ்சு ஓடிஜி இருந்திருக்கு. எல்லாம் கோயில்ல இருந்து கூப்பிடு தூரத்துல. அந்த ஆயாவுக்கு ஒண்ணுகூட உதவல.

போன் வெறும் பேச்சுக்குன்னு இருந்த காலம் போயிடுச்சுன்னு உங்களுக்கு நான் சொல்லணும்னு இல்ல. 2023 செப்டம்பர் 15-ல இருந்து மகளிர் உரிமைத்தொகை கணக்குல ஏறுது. ஏறிச்சான்னு தெரியறது போன்ல வர்ற மெசேஜைப் பாத்துதான். நூறு நாள் வேலையில, 2023 ஜனவரி 1-ல இருந்து ஒரு நாளைக்கு ரெண்டு தடவை போட்டோ எடுத்து போன்லதான் வருகை பதியணும்னு கட்டாயமாச்சு. பணித்தளப் பொறுப்பாளரோட போன் மதியம் சார்ஜ் இல்லாம அணைஞ்சா வேலை செஞ்ச அத்தனை பேரோட கூலியும் கேள்வியில நிக்கும். கேஸ் சிலிண்டருக்கு ஓடிபி, வங்கிக்கு ஓடிபி, பிள்ளைங்க பள்ளிக்கூடச் சேதி வாட்ஸ்அப்ல. ஆனா அந்தப் போனை உசுரோட வச்சிருக்கிற ஒயரையும் ஊசியையும் நாம குப்பை மாதிரிதான் போட்டு வச்சிருக்கோம்.

இப்ப வீட்டுக்குள்ள வருவோம். எங்க வீட்டுக்காரர் கொத்தனார். கரண்டி, ரசமட்டம், தூக்குக்குண்டு, டேப்பு எல்லாம் ஒரு பைக்குள்ள. சாயங்காலம் வந்ததும் கழுவித் துடைச்சு எண்ணித்தான் உள்ள வைப்பாரு. பத்து வருஷம் ஆன ரசமட்டம் இன்னும் புதுசா இருக்கு. ஏன்னா அது இல்லன்னா மறுநாள் வேலை இல்ல. அவ்வளவு சுத்தமான மனுஷன் சார்ஜரை மட்டும் எங்க பிடுங்கினாரோ அங்கேயே விட்டுடுவாரு. பையன் அதை எடுத்துக்கிட்டு மாடிப்படிக்குப் போவான். பொண்ணு அங்க இருந்து சித்தி வீட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போவா. அப்புறம் மூணு பேரும் ஒரே குரல்ல கேக்கறது என்னை. அந்தக் கேள்விக்குப் பதில் தெரிஞ்சிருக்கணும்ங்கறது நம்ம வேலைன்னு யாரும் எழுதி வைக்கல, ஆனா நம்ம தலையிலதான் வச்சிருக்காங்க. நகவெட்டி, ரேஷன் கார்டு, ஊக்கு, டெஸ்டர், சிம் ஊசி, எல்லாத்தோட விலாசமும் நம்ம தலைக்குள்ள. நாம ரெண்டு நாள் பொறந்த வீட்டுக்குப் போனா வீடே திசை தெரியாம நிக்குது.

இன்னொண்ணையும் சொல்லணும். சார்ஜர் தொலைஞ்சா யாரு போன் அணையுதுன்னு கவனிச்சுப் பாருங்க. இருக்கிற ஒரு சார்ஜரை முதல்ல வேலைக்குப் போறவருக்குக் குடுப்போம், அப்புறம் பிள்ளைங்களுக்கு. நம்ம போன் நாலு சதவீதத்துல அடுப்பு மேடையில கிடக்கும். கேட்டா, "நீ வீட்லதான இருக்க"ம்பாங்க. வீட்ல இருக்கிறவங்க போனுக்குத்தான் உரிமைத்தொகை மெசேஜும் குழுவோட ஓடிபியும் வருதுன்னு யாருக்கும் ஞாபகம் வராது. எங்க குழுவுல முதல் முடிவு இதுதான் போட்டோம்: ஒவ்வொரு உறுப்பினருக்கும் தன் பேருல ஒரு சார்ஜர், ஒரு ஒயரு. அதைப் புருஷன் கேட்டாலும் நோட்டுல எழுதித்தான் குடுக்கணும். இதுல ஒரு வீட்ல சண்டையே வந்துச்சு. "பொண்டாட்டி சார்ஜரை எடுக்கக் கையெழுத்தா?"ன்னு அந்த அண்ணன் கேட்டாரு. "குழுவுல கடன் வாங்கினா நீங்களும்தான சாட்சிக் கையெழுத்துப் போடறீங்க"ன்னு அந்த அக்கா சொல்லிட்டாங்க. அவரு இப்பத் தனியா ஒண்ணு வாங்கிக்கிட்டாரு. நல்லதாப் போச்சு.

பேரு போடறது எப்படின்னா, அதுக்கும் நம்ம வீட்லயே வழி இருக்கு. சீர் பாத்திரத்துல பேர் வெட்டித்தான குடுக்கிறோம்? விசேஷ வீட்ல நூறு அண்டா கலந்து கிடந்தாலும் நம்ம அண்டா நமக்கு வந்து சேருது. ஊர்த் துணி முழுக்க வெளுத்தவங்க அந்தக் காலத்துல சேங்கொட்டைப் பாலைத் தொட்டு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி வைப்பாங்க. எத்தனை வெள்ளாவி வச்சாலும் அந்தக் கறை போகாது, ஒரு வீட்டு வேட்டி இன்னொரு வீட்டுக்குப் போகாது. படிப்பு வேணாம், குறி போதும். நாங்க நெயில் பாலீஷ் வச்சிருக்கோம். ஒருத்திக்கு ஒரு புள்ளி, ஒருத்திக்கு ரெண்டு கோடு. ஒயருல பூக்கட்டுற நூலைக் கலர் மாத்திச் சுத்தியிருக்கோம். சார்ஜருல எல்லாக் கருப்பும் ஒரே கருப்பு, எல்லா வெள்ளையும் ஒரே வெள்ளை. குறி இல்லன்னா கல்யாண வீட்டுச் செருப்பு மாதிரிதான்.

அடுத்தது இடம். எங்க அத்தை, அதாவது என் மாமியாரு, ஒரு சுருக்குப் பை வச்சிருக்காங்க. அதுல வெத்தலை, சுண்ணாம்பு டப்பி, பாக்குவெட்டி, பத்து ரூபா நோட்டு நாலா மடிச்சது, தலைவலி தைலம், பஸ் டிக்கெட்டு. கரண்டு போனா நாமெல்லாம் டார்ச்சைத் தேடுவோம், டார்ச்சைத் தேட இன்னொரு டார்ச்சு வேணும். அத்தை இருட்டுல கையை விட்டுச் சுண்ணாம்பு டப்பியை எடுப்பாங்க, தைலத்தை எடுக்க மாட்டாங்க. எப்படி அத்தைன்னு கேட்டேன். "தேடற சாமானையா நான் வச்சிருக்கேன், வச்ச சாமானை எடுக்கிறேன்"னாங்க. எங்க பழைய வீட்டுச் சுவத்துல விளக்கு வைக்க ஒரு மாடக்குழி இருக்கு. அதுலதான் இப்ப சார்ஜர் ஓட்டம் முடிஞ்சு வந்து உக்காரணும்னு வச்சிருக்கோம். பக்கத்துல ஒரு ஆணி, ஆணியில ஒயரு. இடம் என் தலைக்குள்ள இல்ல, சுவத்துல இருக்கு. நான் ஊருக்குப் போனாலும் சுவரு ஊருக்குப் போகாது.

இருட்டுன்னு சொன்னதும் உங்களுக்கே ஞாபகம் வந்திருக்கும். நம்ம கடலூர் மாவட்டத்துக்காரங்களுக்கு இதை யாரும் சொல்லிக்குடுக்க வேணாம். 2004 டிசம்பர் 26 சுனாமி. 2011 டிசம்பர் 30 தானே புயல். 2015 மழை வெள்ளம். தானே அடிச்சப்ப எனக்குக் கல்யாணமாகி ரெண்டு வருஷம். பண்ருட்டிப் பக்கத்துல பலாவும் முந்திரியும் வேரோட சாஞ்சு கிடந்துச்சு. மின்கம்பம் வரிசையா விழுந்து பல ஊருக்கு வாரக்கணக்குல கரண்டு இல்ல. அப்ப எல்லார்கிட்டயும் பட்டன் போன், ஒரு தடவை ஏத்தினா நாலு நாள் தாங்கும். அதுக்கே ஜெனரேட்டர் வச்சிருந்தவங்க வீட்டு வாசல்ல ஆளுக்கொரு சார்ஜரோட நின்னோம். இப்ப இருக்கிற போன் ஒரு நாள் தாங்கினா பெருசு.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கத்துல கரை கடந்துச்சு. காத்தைவிட மழைதான் அடிச்சுது. அதுக்கப்புறம் சாத்தனூர் அணைத் தண்ணியும் சேந்து தென்பெண்ணையில வெள்ளம் வந்துச்சு. என் தங்கச்சி வீடு கடலூர்ப் பக்கம், பெண்ணையாத்தங்கரை ஓரம். விடியற்காலையில போன் பண்றேன், சுவிட்ச் ஆஃப். மச்சானுக்குப் பண்றேன், சுவிட்ச் ஆஃப். டிவியில ஆத்தைக் காட்டறாங்க. எனக்குக் கை கால் ஓடல. பத்து மணிக்கு ஏதோ தெரியாத நம்பர்ல இருந்து கூப்பிட்டா. பக்கத்து வீட்டுத் தாத்தாவோட பட்டன் போன். குழந்தைங்களோட பள்ளிக்கூடத்து மாடியில இருக்கோம், நல்லா இருக்கோம்னா. எனக்கு அழுகையே வந்துடுச்சு.

அப்புறம் ஒரு வாரம் கழிச்சுப் போனப்பதான் விஷயம் தெரிஞ்சுது. அவங்க வீட்ல பவர் பேங்க் இருந்திருக்கு. மச்சான் தீபாவளிக்கு வாங்கினது, பெரிய பவர் பேங்க். முட்டியளவு தண்ணியில, இருட்டுல, கையில ரெண்டு குழந்தையை வச்சுக்கிட்டு யாரு அதைத் தேடறது? தண்ணி வடிஞ்சு வீட்டைக் கழுவும்போது அரிசி டிரம்முக்கு அடியில இருந்து சேத்தோட வந்துச்சு. அதுல சார்ஜ் இருந்துச்சா இல்லையான்னு இனிமே யாருக்கும் தெரியாது.

அதனால பெட்டியைப் பத்திச் சொல்றேன். எங்க குழுப் பெட்டி பெரிய விஷயம் இல்ல. ஒரு பழைய தகரப் பெட்டி, அதுக்குள்ள என் சீர் அஞ்சறைப் பெட்டி, மூடி ஒரு பக்கம் நசுங்கினது. பேருதான் அஞ்சறை, உள்ள ஏழு கிண்ணம். சீரகம் இருந்த கிண்ணத்துல சிம் ஊசி, கடுகு இருந்ததுல ஓடிஜி, வெந்தயம் இருந்ததுல பின் மாத்துற சின்ன மூக்கு, இப்படி. மெமரி கார்டு மட்டும் மூடி போட்ட குங்குமச் சிமிழுல. மெமரி கார்டு நீளம் 15 மில்லிமீட்டர், அகலம் 11. நேனோ சிம் அதைவிடச் சின்னது, 12.3-க்கு 8.8. சுண்டு விரல் நகம்தான். விளக்குமாத்துல போனா போனதுதான், அதுக்குள்ள பொண்ணு காதுகுத்துப் போட்டோ மொத்தமும் இருந்தாலும் சரி. தகரப் பெட்டியில சார்ஜர் ரெண்டு, மூணு விதமான ஒயரு, ஒரு பவர் பேங்க், டெஸ்டர், ஸ்குரூ டிரைவர் செட்டு, கட்டிங் பிளேயர், இன்சுலேஷன் டேப்பு. அப்புறம் பட்டன் போனுக்கான அந்தப் பழைய ஊசிப் பின் சார்ஜர் ஒண்ணு. அதைத் தூக்கிப் போடலாம்னு சின்னப் பொண்ணுங்க சொன்னாங்க. நான் விடல. தங்கச்சியைப் பேச வச்ச போனுக்கு அந்தப் பின்தான்.

ஒயருல மூணு விதம் ஏன்னு கேப்பீங்க. பழைய போனுக்கு ஒரு பக்கம் சரிஞ்ச சின்னப் பின், இப்ப வர்றதுக்கு எப்படித் திருப்பினாலும் போற டைப்-சி, ஐபோன் பழசுக்கு வேற. ஐரோப்பாவுல இந்தத் தொல்லையைச் சட்டம் போட்டே தீத்துட்டாங்க. 2024 டிசம்பர் 28-க்கு மேல அங்க புதுசா விக்கிற போனுக்கெல்லாம் டைப்-சிதான். ஐபோன்காரங்களே 2023-ல 15-ம் நம்பர் போன்ல அதுக்கு மாறிட்டாங்க. அதனால இனிமே புது ஒயரு வாங்கறவங்க டைப்-சி பாத்து வாங்குங்க, பெட்டி சீக்கிரம் காலியாகும்.

பெட்டிக்கு ஒரு நோட்டு. தீர்மான நோட்டு, வருகைப் பதிவேடு, ரொக்கப் பதிவேடு, பொதுப் பேரேடு, சேமிப்பு கடன் பேரேடுன்னு எழுதி எழுதிக் கை பழகினவங்க நாம. இன்னும் ஒரு நாப்பது பக்க நோட்டு பாரமா? தேதி, சாமான், எடுத்தவங்க, திரும்பி வந்த நாள். அவ்வளவுதான். திரும்பி வரலன்னா அபராதம் போடலாம்னு ஒரு பேச்சு வந்துச்சு. அபராதம் போட்டா சாமானுக்குப் பதிலா காசுதான் வரும், சாமான் வராதுன்னு ஒரு அக்கா சொன்னாங்க. அதனால அடமானம் வச்சோம். பேர் வெட்டின டம்ளர் ஒண்ணைப் பெட்டியில வச்சுட்டு ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கிட்டுப் போகணும். ராத்திரி தண்ணி குடிக்க டம்ளர் ஒண்ணு குறையுதுன்னா வீட்ல இருக்கிற எல்லாருக்கும் காரணம் தெரிஞ்சுடுது. இந்த ஒரு வருஷத்துல போய் வராத சாமான் ரெண்டே ரெண்டு, ஒரு சிம் ஊசி, ஒரு ஒயரு. ஒயருக்கு ஈடா வச்ச டம்ளர் இன்னும் பெட்டியிலதான் இருக்கு. யாருதுன்னு சொல்ல மாட்டேன், அவங்க முன் வரிசையில உக்காந்திருக்காங்க.

சிம் ஊசியைப் பத்தி ஒரு வார்த்தை. அது காணோம்னதும் நம்ம கை நேரா ஊக்குக்குப் போகும். ஊக்கு முனை கூர்மை, உள்ள இருக்கிற தட்டைக் கீறிடும். அதைவிட ஆபத்து, சில போன்ல சிம் ஓட்டைக்குப் பக்கத்துலயே அதே மாதிரி இன்னொரு ஓட்டை இருக்கும். அது மைக்கு. அதுல குத்திட்டா நாம பேசறது எதிர்ப்பக்கம் கேக்காது. ஊசி இல்லாத நேரத்துல காகிதத்துல மாட்டுற ஜெம் கிளிப்பை நீட்டிக்குங்க, அதோட முனை மொட்டை. எங்க குழுவுல ஒரு அக்கா இந்த வம்பே வேணாம்னு சிம் ஊசியைத் தாலிச் சரட்டுல ஊக்கோட ஊக்கா மாட்டிக்கிட்டாங்க. அவங்க மாமியாரு பாத்துட்டு, இது எந்தக் கோயில் தாயத்துன்னு கேட்டாங்களாம்.

நம்ம ஊரு உப்புக்காத்து இருக்கே, அது பித்தளை விளக்கை மட்டுமா விடுது? சார்ஜர் பின் வாயிலயும் பச்சையாக் களிம்பு பூக்கும். அப்புறம் ஏறாது, நாம சார்ஜர் செத்துப் போச்சுன்னு தூக்கிப் போடுவோம். மூடி போட்ட டப்பாவுல வச்சா பூக்காது. விளக்குக்குப் போடற மாதிரி புளி போட்டுத் தேய்ச்சுடாதீங்க, யாரோ தேய்ச்சிருக்காங்க, அதனாலதான் சொல்றேன். காஞ்ச பழைய டூத் பிரஷ் போதும், அதுவும் சுவத்துல இருந்து பிடுங்கிட்டு. போன் தண்ணியில விழுந்தா அரிசிக்குள்ள புதைக்கிறதும் வேணாம். அரிசித் தூசி உள்ள போய்க் கெடுக்கும்னு ஐபோன் கம்பெனியே 2024-ல சொல்லிட்டாங்க. பின் வாயைக் கீழ பாக்கக் கவுத்துத் தட்டிட்டு, காத்தோட்டமான இடத்துல வைங்க. நல்லாக் காயற வரைக்கும் சார்ஜ் போடாதீங்க.

பவர் பேங்க் வாங்கறவங்களுக்கும் ஒரு கணக்கு. 10,000 எம்ஏஎச்னு போட்டிருக்கும், நம்ம போன் பேட்டரி 5,000, அப்ப ரெண்டு தடவை ஏறும்னு கடையில சொல்லுவாங்க. ஏறாது. மின்சாரத்தை மாத்திக் குடுக்கிறதுலயே கொஞ்சம் சூடாப் போயிடும். ஒன்றேகால், மிஞ்சிப்போனா ஒன்றரைத் தடவை. அது தெரிஞ்சு வச்சுக்கிட்டாத்தான் புயல் ராத்திரியில பாட்டுக் கேக்கறதா, பேசறதுக்கு வச்சுக்கிறதான்னு முடிவு பண்ணலாம். பரண்ல போட்டு வச்சாலும் அது தானா இறங்கும், ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஏத்தணும். எங்க நோட்டுல ஐப்பசி முதல் தேதின்னு ஒரு வரி இருக்கு, அன்னைக்குப் பெட்டியைத் திறந்து எல்லாத்தையும் ஏத்தி, டார்ச் எரியுதான்னு பாத்து, பாலித்தீன் கவர்ல கட்டித் திரும்ப வைப்போம். மழைக்காலம் முடியற வரைக்கும் பெட்டி தரையில இருக்காது, உறி கட்டித் தொங்கும். பவர் பேங்க் வயிறு உப்பினா அன்னைக்கே அதை வெளியே எடுத்துடுங்க, குத்தாதீங்க, அமுக்காதீங்க, குப்பையில போட்டுக் கொளுத்தாதீங்க, தீப்பிடிக்கும். பழைய போன் வாங்குற கடையில குடுத்துடுங்க.

நோட்டோட கடைசிப் பக்கத்துல ஒவ்வொருத்தர் போனோட ஐஎம்இஐ நம்பரும் எழுதி வச்சிருக்கோம். போன்ல *#06# அடிச்சா 15 இலக்கம் வரும். போனே தொலைஞ்சா போலீஸ்ல புகார் குடுத்து, அந்த நம்பரை வச்சு மத்திய அரசோட சஞ்சார் சாத்தி தளத்துல போனை முடக்கச் சொல்லலாம். யாரும் அதுல வேற சிம் போட்டு ஓட்ட முடியாது. போன் போனப்புறம் நம்பரைத் தேட முடியாது, அது போனோட போயிடும். பெட்டி மூடியோட உள்பக்கம் பெயிண்ட்ல மூணு நம்பர் எழுதியிருக்கோம்: மாவட்ட வெள்ளக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலம் 1070, பண மோசடிக்கு 1930.

இவ்வளவுக்கும் எங்க குழு செலவு பண்ணினது ரொம்பக் குறைவு. பாதிச் சாமான் எங்க எங்க வீட்டுப் பரண்ல இருந்தே வந்தது. அந்த வங்கி முகவர் இப்ப மாசம் ஊருக்கு வரும்போது முதல்ல பெட்டி இருக்கிற வீட்டுக்குத்தான் வர்றாங்க. அவங்ககிட்ட இப்ப ஓடிஜி இருக்கு, இருந்தாலும் ஒண்ணு வாங்கிக்கிட்டு நோட்டுல கையெழுத்துப் போட்டுட்டுப் போவாங்க. அவங்க டம்ளரும் எங்ககிட்ட இருக்கு.

பெட்டி மூணு மாசத்துக்கு ஒரு வீடு. தை வரைக்கும் எங்க வீட்ல இருக்கும், அப்புறம் எங்க பிரதிநிதி வீட்டுக்குப் போகும். இன்னைக்கு அதைக் கையோட கொண்டு வந்திருக்கேன். பந்தலுக்கு வெளிய டீ போடற இடத்துக்குப் பக்கத்துல பெஞ்சு மேல இருக்கு. திறந்து பாருங்க, நோட்டைப் புரட்டிப் பாருங்க. உங்க ஊர்ல வேற மாதிரி செய்யறீங்கன்னா எங்களுக்கும் சொல்லுங்க. சிம் ஊசியை மட்டும் எடுத்த கிண்ணத்துலயே வச்சுடுங்க, சீரகக் கிண்ணம்.